நெக்ஸானா, பிரெஸ்ஸாவா? செட்டிநாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், பொன்னமராவதி என்று எங்கள் பக்கத்தில் யார் முதல் எஸ்யூவி வாங்கக் கிளம்பினாலும், பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள்: டாடா நெக்ஸான், மாருதி சுஸுகி பிரெஸ்ஸா. இரண்டும் நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஐந்து பேர் வண்டிகள். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், யோசித்துச் சொன்ன பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விலையும் வரியும் மாறக்கூடியவை. வாங்கும் நாளன்று கையில் இருக்கும் கொட்டேஷனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்கலாம்?

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, மாதம் ஒருமுறையாவது திருச்சி, மதுரை, சென்னை என்று நெடுஞ்சாலை ஓட்டம், பட்ஜெட் பத்து லட்சத்துக்குள் என்றால் நெக்ஸான் பெட்ரோல் மேனுவல். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் அடிக்கடி ஏறுவார்கள், ஓட்டுபவருக்கு நிதானமான ஆட்டோமேட்டிக் வேண்டும், பத்து லட்சத்தைத் தாண்டினாலும் பரவாயில்லை என்றால் பிரெஸ்ஸா.

என் மனம் நெக்ஸான் பக்கம்தான் சாய்கிறது. பாதுகாப்புச் சோதனை ஒரு காரணம், வரி இன்னொரு காரணம். ஆனால் பின் சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்காமல் யாருக்கும் நான் வண்டி சொல்வதில்லை. வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் ஸ்டியரிங் பிடிப்பவர். ராமேஸ்வரம் வரை குலுங்கிக்கொண்டு வருபவர்களோ பின்னால் இருப்பவர்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள்.

அளவில் எது பெரியது?

நீளம் இரண்டுக்கும் ஒன்றே, 3995 மி.மீ. பிரெஸ்ஸாவின் உயரம் 1685, நெக்ஸான் 1620. அகலத்தில் நெக்ஸான் 1804, பிரெஸ்ஸா 1790. சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் இரண்டே மி.மீ. வித்தியாசம். பழைய வீட்டுக் கார் கொட்டகையில் விடப் போகிறவர்கள் இந்த அகலத்தோடு இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்துக்கொண்டு கொட்டகை வாசலை டேப் வைத்து அளந்துவிடுங்கள். அந்தக் காலத்து மாரிஸ், ஆஸ்டின் கார்களுக்குக் கட்டிய கொட்டகைக்குள் வண்டி போய்விடும், ஆனால் உள்ளே போன பிறகு கதவைத் திறந்து இறங்க இடம் இருக்காது. அந்த மாதிரி வீடுகளில் எல்லாரையும் வாசலிலேயே இறக்கிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டியிருக்கும்.

அப்பத்தாவுக்கு முழங்கால் மடங்காது. எதில் ஏறுவது சுலபம்?

இந்தக் கேள்விக்கு மற்ற எதையும்விட நேரம் ஒதுக்குங்கள். கார் தாழ்வாக இருந்தால் உட்காரும்போது முழங்காலில் பாரம் இறங்கும். ரொம்ப உயரமாக இருந்தால் காலைத் தூக்கி வைக்க முடியாது. பெரியவர்களுக்குச் சரியான உயரம் எது என்றால், கதவைத் திறந்து சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று அப்படியே உட்கார முடிய வேண்டும். உட்கார்ந்த பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்க வேண்டும். இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே சீட் இருந்தால் இது நடக்கும்.

இரண்டு வண்டிகளுமே இந்த விஷயத்தில் சாதாரண செடானைவிட எவ்வளவோ மேல். ஆனால் பிரெஸ்ஸாவின் கூரை ஆறரை சென்டிமீட்டர் உயரம், அதுவும் பின்பக்கம் அதிகம் சரியாமல் பெட்டி மாதிரி நேராகப் போகிறது. அதனால் ஏறும்போது தலையைக் குனிய வேண்டிய அளவு குறைவு. நெக்ஸானின் கூரை பின்னால் சரிவாக இறங்கும். உயரமானவர்களும் கொண்டை போட்டவர்களும் அந்தச் சரிவை உணர்வார்கள். இன்னொரு பக்கம், நெக்ஸான் பின் சீட்டில் தொடைக்குக் கிடைக்கும் தாங்கல் எனக்குப் பிடிக்கும். நீண்ட பயணத்தில் கால் மரத்துப்போகாது.

கதவுக்கு அடியில் இருக்கும் விளிம்பையும் கவனியுங்கள். நம் ஊர்ச் செம்மண் புழுதி முதலில் படிவது அங்கேதான். சேலை கட்டியவர் இறங்கும்போது கொசுவம் அந்த விளிம்பில் உரசினால் முழு நீளத்துக்குச் சிவப்புக் கோடு விழும். கோயிலுக்குப் போய் இறங்கும் நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஷோரூமில் பளபளவென்று துடைத்து வைத்த வண்டியில் இது தெரியாது. டெஸ்ட் டிரைவ் வண்டியில் பாருங்கள்.

ஆக, அப்பத்தாவையும் ஐயாவையும் நேரில் கூட்டிப் போய் இரண்டிலும் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லாரும் சமாளித்துவிடுவார்கள். மூன்றாவது தடவை கதவுப் பிடியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பின் சீட்டில் மூன்று பேர் உட்கார முடியுமா?

மதுரை வரை முடியும். சென்னை வரை முடியாது. நடுவில் உட்காருபவர் மெலிந்தவராகவோ பிள்ளையாகவோ இருந்தால்தான் இரண்டிலும் நெடுந்தூரம் தாங்கும். பிரெஸ்ஸாவின் பின் சீட் கொஞ்சம் தட்டையாக இருப்பதால் நடு ஆளுக்குச் சற்று வசதி. நீங்கள் கேட்கும் வேரியண்ட்டில் (ஒரே வண்டியின் விலைப் படிகளில் ஒன்று) நடு இருக்கைக்குத் தோளைச் சுற்றிவரும் முழு பெல்ட் இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள்.

டிக்கியில் சாமான் எவ்வளவு கொள்ளும்?

நெக்ஸான் 382 லிட்டர், பிரெஸ்ஸா 328 லிட்டர். லிட்டர் கணக்கு நம் சாமானுக்குப் பொருந்தாது. நாம் சூட்கேஸை மட்டும் ஏற்றுவதில்லையே. ஊரிலிருந்து சென்னைக்குத் திரும்பும் வண்டியில் முறுக்கும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் அடுக்கிய 15 கிலோ எண்ணெய் டின் இரண்டாவது இருக்கும், தூக்குச்சட்டி இருக்கும், தோட்டத்துத் தேங்காய் சாக்கு இருக்கும். டின்கள் நசுங்கக் கூடாது, சாயவும் கூடாது.

காலி டின் ஒன்றை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். டிக்கியின் தரையில் நிறுத்தி வைத்து, மேலே இருக்கும் தட்டு மூடுகிறதா, இரண்டு டின்னுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி படுக்குமா என்று பாருங்கள். டிக்கியின் வாசல் விளிம்பைத் தாண்டி எவ்வளவு உயரம் தூக்கி வைக்க வேண்டும் என்பதும் முக்கியம். கல்யாணச் சீர்ச் சாமானுக்கு எப்படியும் வேன்தான் பிடிப்போம், அதற்காக வண்டியைப் பெரிதாக்க வேண்டாம்.

இரண்டும் ஒரே அளவு வண்டி. பிரெஸ்ஸா மட்டும் ஏன் விலை கூட?

பெரும் பகுதி வரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் வந்த ஜிஎஸ்டி மாற்றப்படி, நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் அல்லது சிஎன்ஜி என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் எஞ்சினும் இருந்தால் 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம்.

நெக்ஸான் பெட்ரோல் 1199 சிசி, டீசல் 1497 சிசி. இரண்டும் 18-க்குள் வந்துவிட்டன. பிரெஸ்ஸாவில் இருப்பது 1462 சிசி பெட்ரோல் எஞ்சின். நீளம் நான்கு மீட்டருக்குள் இருந்தும், எஞ்சின் அளவால் 40-க்குப் போய்விட்டது. முன்பும் இந்த இடைவெளி இருந்தது. செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து நெக்ஸான் பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31, பிரெஸ்ஸாவுக்கு 45. ஆக, வரிக் குறைப்பில் நெக்ஸான் பெட்ரோலுக்கு 11 புள்ளியும் டீசலுக்கு 13 புள்ளியும் குறைந்தன, பிரெஸ்ஸாவுக்கு 5 தான்.

கணக்காகப் பார்த்தால்: வரி சேராத விலை இரண்டுக்கும் 7 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீதம் சேர்ந்தால் 8.26 லட்சம். 40 சதவீதம் சேர்ந்தால் 9.80 லட்சம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம், அதில் ஒரு ரூபாய்கூட வண்டியின் தகரத்திலோ சீட்டிலோ இல்லை. அதனால்தான் இரண்டு வண்டிகளின் அடிப்படை வேரியண்ட்டை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒரே ஆன்ரோடு தொகைக்கு (வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த தொகை) இரண்டிலும் எந்த வேரியண்ட் கிடைக்கிறது என்று ஒப்பிடுங்கள். பிரெஸ்ஸாவில் கீழ்ப்படி வாங்கும் பணத்தில் நெக்ஸானில் ஓரிரு படி மேலே ஏற முடிகிறது.

பத்து லட்சத்தைத் தாண்டாதே என்கிறார்களே, ஏன்?

தமிழ்நாட்டு ஆயுள் வரி. 2023 நவம்பர் முதல் புதிய காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தைத் தாண்டியதும் தாண்டிய தொகைக்கு மட்டும் 18 போடுவதில்லை, முழு விலைக்கும் போடுவார்கள்.

9.95 லட்சம் வண்டிக்கு 13 சதவீதம் என்றால் 1,29,350 ரூபாய். 10.10 லட்சம் வண்டிக்கு 18 சதவீதம் என்றால் 1,81,800. வண்டி விலையில் கூடியது 15,000, வரியில் கூடியது 52,450. இதோடு பத்து லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியது, ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும்.

அந்தக் கோட்டை ஒட்டி ஒரு வேரியண்ட் உங்களுக்குப் பிடித்திருந்தால், ஒரு படி கீழே இறங்குங்கள். இறங்கினால் மிச்சமாகும் பணத்தில் நல்ல டயரும் ரிவர்ஸ் கேமராவும் போட்டுவிட்டுப் பாக்கியும் இருக்கும். சிவகங்கை மாவட்டம் டிஎன் 63, பொன்னமராவதி, திருமயம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம் டிஎன் 55. எண் வேறானாலும் வரி ஒன்றே.

கொட்டேஷனில் எதை வெட்டச் சொல்லலாம்?

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் என்று தனியாக ஒரு தொகை இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் அங்கேதான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வெளியே ஒரு விலை வாங்கிக் காட்டினாலே தொகை இறங்கும். மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். இரண்டு வண்டிகளும் 1000 முதல் 1500 சிசி வரிசைக்குள் வருவதால் அந்தத் தொகை இரண்டுக்கும் ஒன்றுதான். சீட் கவர், மேட் வகைகளை காரைக்குடிக் கடைகளிலேயே பேரம் பேசி வாங்கலாம்.

டீசல் எடுக்கலாமா?

இந்த இரண்டில் டீசல் நெக்ஸானில் மட்டும்தான். 115 குதிரைத்திறன், 260 நியூட்டன் மீட்டர் இழுவை. நெடுஞ்சாலையில் ஓட்ட அருமையான எஞ்சின், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வருடத்துக்கு எவ்வளவு ஓடும்?

வருடம் 8,000 கி.மீ. ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்து, லிட்டர் 100 ரூபாய் என்றால் செலவு சுமார் 57,000. டீசல் 19 கொடுத்து, லிட்டர் 92 என்றால் சுமார் 38,700. மிச்சம் 18,000 சொச்சம். டீசலுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கூடக் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பணம் திரும்பி வரவே ஐந்தாறு வருடம் ஆகும். வருடம் 18,000, 20,000 கி.மீ. ஓடும் வியாபாரிக்கு இதே கணக்கு தலைகீழ். அவர் யோசிக்காமல் டீசல் எடுக்கலாம்.

இன்னொன்று, பிஎஸ்6 (இப்போதைய புகை மாசு விதி) டீசல் வண்டிகளில் புகையின் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. வண்டி நல்ல சூட்டில் தொடர்ந்து ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். காரைக்குடியில் செக்காலை ரோட்டிலிருந்து நூறடி ரோட்டுக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். ஊருக்குள் ஓட்டம்தான் அதிகம் என்றால் டீசல் வேண்டாம்.

மூன்று சிலிண்டர் எஞ்சின் பரவாயில்லையா? கொடைக்கானல் ஏறுமா?

நெக்ஸான் பெட்ரோல் மூன்று சிலிண்டர் டர்போ, 120 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர். பிரெஸ்ஸா நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, சுமார் 103 குதிரைத்திறன், 137 நியூட்டன் மீட்டர். நிறுத்தி வைத்து எஞ்சின் ஓடும்போது நெக்ஸானில் லேசான அதிர்வு தெரியும். பிரெஸ்ஸா அமைதி.

ஐந்து பேர், ஏசி, டிக்கி நிறையச் சாமான் என்று மலை ஏறும்போது டர்போவின் இழுவை கை கொடுக்கும். பிரெஸ்ஸாவும் ஏறும், ஆனால் இரண்டாவது கியரில் எஞ்சினைச் சத்தம் போட விட்டு ஏற்ற வேண்டியிருக்கும். வருடம் ஒருமுறை கொடைக்கானல் போவதற்காக எஞ்சினைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திருமயம் தாண்டிப் புதுக்கோட்டை ரோட்டில் லாரியை முந்துவது வாரா வாரம் வரும் வேலை. அதில் நெக்ஸானின் இழுவை எனக்கு நிம்மதி தருகிறது.

டர்போ வண்டிக்கு இரண்டு பழக்கம் வேண்டும். ஆயிலைத் தள்ளிப்போடாமல் மாற்றுவது, வேகமாக ஓட்டி வந்து நிறுத்தியதும் உடனே அணைக்காமல் அரை நிமிடம் ஓட விடுவது. அப்புறம் மைலேஜ்: டர்போவில் அது ஓட்டுபவர் காலைப் பொறுத்து ரொம்பவே மாறும். அவசரக்காரர் ஓட்டினால் ஊருக்குள் 11, 12 தான் வரும். பிரெஸ்ஸா அந்த விஷயத்தில் யார் ஓட்டினாலும் பெரிதாக ஏமாற்றாது.

ஆட்டோமேட்டிக்கில் எது நல்லது?

பிரெஸ்ஸாவில் ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் (எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் முறை). நெக்ஸான் பெட்ரோலில் கீழ் வேரியண்ட்களில் ஏஎம்டி (மேனுவல் கியரையே இயந்திரம் மாற்றும் முறை), மேலே போனால் இரட்டை கிளட்ச் கொண்ட ஏழு கியர் டிசிஏ. ஏஎம்டி விலை குறைவு, ஆனால் கியர் மாறும்போது உடம்பு முன்னால் போய் வரும். பின் சீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு அது தலைசுற்றலைத் தரும். டிசிஏ விரைவாக மாறும், ஓட்ட நன்றாக இருக்கும். டார்க் கன்வர்ட்டர் பழைய முறை, மெதுவானது, மென்மையானது. பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடி அடிவாரத்தில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும்போது அந்த மென்மையின் அருமை தெரியும்.

ஐயா வயதுக்காரர் ஓட்டப் போகிறார், ஆட்டோமேட்டிக்தான் என்று முடிவாகிவிட்டது என்றால், வரி கூட இருந்தாலும் பிரெஸ்ஸாவையே சொல்வேன்.

சிஎன்ஜி?

பிரெஸ்ஸா சிஎன்ஜியில் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொள்ளும், டின்னுக்கு இடம் இருக்காது. நெக்ஸானில் இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் வைத்திருப்பதால் 321 லிட்டர் டிக்கி மிஞ்சுகிறது, அதோடு டர்போ எஞ்சினிலேயே சிஎன்ஜி. வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து கேஸ் பங்க்குக்கு ஒரு காலையும் ஒரு மாலையும் போய், எத்தனை வண்டி வரிசையில் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

பாதுகாப்பில் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா?

நெக்ஸான் 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் தயாரான வண்டி ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் முறை. புதிய தோற்றத்தில் வந்த பிறகும் குளோபல் என்கேப்பில் 2024-ல் மறுபடி ஐந்து. நம் நாட்டின் சொந்தச் சோதனையான பாரத் என்கேப்பிலும் ஐந்து: பெரியவர்கள் பாதுகாப்பில் 32-க்கு 29.41, குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 43.83.

பிரெஸ்ஸா 2018-ல் நான்கு நட்சத்திரம் வாங்கியது உண்மை. ஆனால் அது பழைய தலைமுறை வண்டி. 2022 ஜூன் மாதம் வந்த இப்போதைய வண்டிக்கு அந்த மதிப்பெண்ணை எடுத்துப் பேசக் கூடாது. விற்பனையாளர் சொன்னால், இப்போதைய வண்டியின் பாரத் என்கேப் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ஆறு ஏர்பேக் இரண்டிலும் எல்லா வேரியண்ட்டிலும் வந்துவிட்டது.

ஐந்து நட்சத்திரமும் பெல்ட் போட்டவருக்குத்தான். இதை நம் பக்கத்தில் எத்தனை முறை சொன்னாலும் போதாது. பின் சீட்டில் பெல்ட் போடாமல் உட்காருபவர் மோதலின்போது முன் சீட்டின் மேல் போய் விழுகிறார். அடி இருவருக்கும். பின் சீட் பெல்ட் சட்டப்படியும் கட்டாயம், தவறினால் 1,000 ரூபாய் அபராதம். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவதை நிறுத்துங்கள். ஏர்பேக் விரியும் வேகத்தைக் குழந்தை தாங்காது. இரண்டு வண்டிகளிலும் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பின் சீட்டில் உண்டு. சீட் கவருக்குப் பணம் வைத்திருப்பவர்கள் முதலில் குழந்தை இருக்கைக்கு அதை ஒதுக்குங்கள்.

தரை இடைவெளி?

நெக்ஸான் 208 மி.மீ., பிரெஸ்ஸா 198. ஐந்து பேர் ஏறினால் இரண்டும் இறங்கும். ஆத்தங்குடி, நாச்சியாபுரம் பக்கத்துச் சரளைப் பாதைக்கும், பெயிண்ட் அழிந்த வேகத்தடைகளுக்கும் இரண்டும் தாராளம்.

சன்ரூஃப் போட்டு எடுக்கவா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

சித்திரை வெயிலில் நம் ஊரில் கண்ணாடிக் கூரைக்கு அடியில் உட்காருவது யாருக்கும் சுகம் இல்லை. அந்தப் பணத்துக்குப் பின்பக்க ஏசி வென்ட் சரியாக வீசுகிறதா, பின் ஜன்னலுக்குத் திரை உண்டா என்று பாருங்கள். நெக்ஸானின் மேல் வேரியண்ட்டில் காற்று வரும் முன் சீட் உண்டு, அது உண்மையிலேயே பயன்படும். டெஸ்ட் டிரைவை மதியம் ஒரு மணிக்கு, வெயிலில் நின்ற வண்டியில், ஐந்து பேரோடு கேளுங்கள். காலை பத்து மணிக்குக் குளிர வைத்துக் கொடுக்கும் வண்டியில் ஏசியைப் பற்றி எதுவும் தெரியாது. சன்ரூஃபுக்கு வெளியே பிள்ளைகள் தலையை நீட்டி நிற்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். வண்டி ஊர் வீட்டிலேயே மாதக்கணக்கில் நிற்கும். எது தாங்கும்?

எங்கள் பக்கத்துக்கே உரிய கேள்வி இது. பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் கல்யாணத்துக்கும் திறக்கும் வீடுகள், அதோடு சேர்ந்து தூங்கும் வண்டிகள். நின்று கெடுவதில் இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் இல்லை.

முதலில் போவது பேட்டரி. அலாரம், இணைய இணைப்பு எல்லாம் நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விடச் சொல்வது பயன் தராது, பேட்டரி செலவழித்ததுகூடத் திரும்ப ஏறாது. ஓட்டத் தெரிந்தவராக இருந்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிள்ளையார்பட்டி வரை போய் வரச் சொல்லுங்கள். பேட்டரி ஏறும், டயர் ஒரே இடத்தில் தட்டையாகாது, பிரேக் துருப்பிடித்து ஒட்டாது.

அடுத்தது எலி. ஆளில்லா வளவில் எலிக்கு எஞ்சின் பகுதி கதகதப்பான கூடு. வயரைக் கடித்துவிட்டால் ஆயிரக்கணக்கில் செலவு. காரைப் போர்த்தி மூடி வைப்பது எலிக்கு வசதி செய்து கொடுப்பது மாதிரிதான். கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கு உறை வேண்டாம், பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள், கீழ்ப்பக்கம் வலை அடியுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடாமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது, டேங்க்கைக் கிட்டத்தட்ட நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும். இப்படி நிற்கப் போகும் வண்டிக்கு டீசலையும் விலை உயர்ந்த வேரியண்ட்டையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சர்வீஸ்?

மாருதியின் பலம் இதுதான். சின்ன ஊரிலும் அந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக் இருப்பார், உதிரிப்பாகம் கிடைக்கும். டாடாவின் வண்டி நல்லது, சர்வீஸ் அனுபவம் ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை மாறும். நெக்ஸான் வாங்குமுன் நீங்கள் விடப் போகும் பட்டறை வாசலில் ஒரு மணி நேரம் நின்று, வண்டி எடுக்க வந்தவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். வாரண்டி இரண்டுக்கும் மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கி.மீ.

மின்சார நெக்ஸான் எடுக்கலாமா?

சொந்தக் கொட்டகை, அதில் சார்ஜ் போட வசதி, ஓட்டம் ஊரைச் சுற்றி என்றால் தாராளமாக. ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். நானூறு கி.மீ.க்கு மேல் இருக்கும் சென்னைக்கு ஒரே மூச்சில் போகிறவர்கள் வழியில் சார்ஜ் போட நிற்கும் நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் வாங்கலாமா?

ஆடியில் வாங்குபவர்கள் குறைவு என்பதால் தள்ளுபடி கூடும். விலையை ஆடியில் பேசி முடித்து முன்பணம் கட்டிவிட்டு, ஆவணியில் நல்ல நாள் பார்த்து எடுக்கும் வீடுகள் நிறைய. நல்ல வழிதான். பேசிய விலை ஆவணியிலும் செல்லும் என்று எழுதி வாங்குங்கள்.

எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முந்தின நாள் பகல் வெளிச்சத்தில் போய் வண்டியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம் தயாரானது. ஐந்து டயரிலும் பாருங்கள். ஒன்று மட்டும் தள்ளி இருந்தால் காரணம் கேளுங்கள். தயாரிப்பு மாதம், ஓடிய கி.மீ., கதவு ஓரங்களில் பெயிண்ட் நிறம் ஒன்றாக இருக்கிறதா, எல்லாம் பார்த்த பிறகு பதிவுக்குச் சம்மதம் சொல்லுங்கள். பதிவான பிறகு வண்டியை மாற்றித் தரச் சொல்ல முடியாது.

வீட்டில் 2017 பிரெஸ்ஸா டீசல் இருக்கிறது. பத்து வருடம் ஆனால் ஓட்ட முடியாதாமே? இப்போதே விற்றுவிடவா?

பத்து வருட டீசல் விவகாரம் டெல்லியையும் அதைச் சுற்றிய பகுதியையும் சேர்ந்தது. இங்கே பதிவு 15 வருடம், அதன் பிறகு தகுதிச் சோதனை முடித்துப் புதுப்பிக்கலாம். அந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் உழைப்பாளி. 2020-க்குப் பிறகு பிரெஸ்ஸாவில் டீசலே வரவில்லை, அதனால் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு இன்னும் கேட்பவர்கள் உண்டு. கிளட்ச்சும் சஸ்பென்ஷனும் நன்றாக இருந்து, சென்னை ஓட்டம் தொடர்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அதிகபட்சம் இரண்டு ஏர்பேக்தான், பிள்ளைகள் போகும் வண்டியாக இருந்தால் மாற்றுவதை யோசியுங்கள்.

விற்பதாக இருந்தால் உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிடாதீர்கள். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துப் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் மாறியிருக்கிறாரா என்று நீங்களே பாருங்கள். மாறும் வரை அந்த வண்டி எங்கே இடித்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.